மருந்தும் அளவும்

துப்பாக்கிக்குள் போகிற பொடிக்குத் தமிழில் மருந்து என்று பெயர். நோயைத் தீர்ப்பதும் மருந்து. ஆளைத் தீர்ப்பதும் மருந்து. ஆங்கிலேயன் அதை வெறும் பவுடர் என்கிறான். முகத்தில் பூசிக்கொள்வதற்கும் அவனிடம் அதே சொல்தான். இந்த விஷயத்தில் நம்முடைய சொல்லே பொருத்தமானது என்பது என் அபிப்பிராயம். மருந்து என்று சொன்ன மாத்திரத்தில் அளவு என்ற நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது அல்லவா? 'மூன்று சொட்டு' என்று வைத்தியர் சொன்னால் மூன்று சொட்டுத்தான். ஆறு சொட்டுச் சாப்பிட்டால் இரண்டு மடங்கு சீக்கிரம் குணமாகும் என்று யாரும் எண்ணுவதில்லை.

கதை எழுதுகிறவர்களுக்குத் துப்பாக்கி ஒரு சௌகரியமான சாமான். கதை எங்கேயாவது சிக்கிக்கொண்டு நகர மறுத்தால் ஒரு 'டுமீல்' போதும். அடுத்த அத்தியாயம் தானாக ஓடிவந்து நிற்கும். புகை எழும்பும், ஒருவன் சாய்வான், ஒருத்தி அலறுவாள். ஆனால் வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு தரையில் விழுந்து உருளுகிறதே, அது என்ன ஆயிற்று என்று எங்களில் யாரும் எழுதினதில்லை. அதை ஒருவர் குனிந்து பொறுக்கி, துடைத்து, வீட்டுக்கு எடுத்துக்கொண்டுபோய் மறுபடியும் நிரப்புவார் என்பது அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்தில் என் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது.

அடுத்த வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டிய பெரியவர். ஓய்வு பெற்ற இயந்திரத் தொழிலாளி. இரவு எட்டு மணிக்கு மேல் அவருடைய கார் ஷெட்டில் ஒரு விளக்கு எரியும். நான் ஏதோ கடிகாரம் பழுது பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாப்பிள்ளை என்னை அழைத்துக்கொண்டுபோய் அறிமுகம் செய்துவைத்தார். உள்ளே நுழைந்ததும் அந்தப் பெரியவர் என் கையில் ஒரு மூக்குக் கண்ணாடியைக் கொடுத்தார். "நான் ஏற்கெனவே கண்ணாடி போட்டிருக்கிறேனே" என்றேன். "அது பார்ப்பதற்கு, இது பார்வையைக் காப்பதற்கு. அதன்மேலேயே போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது நம் ஊரில் செய்து பார்க்கிற காரியமல்ல. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி தோட்டா தயாரிப்பதற்கு இங்கே லைசென்ஸ் வேண்டும். அமெரிக்காவில் ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்வதற்கு மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை. விற்பதை வியாபாரமாகச் செய்தால்தான் தேவை. அதனால் அந்த நாட்டில் லட்சக்கணக்கானவர்களுக்கு, நம் வீடுகளில் ஊறுகாய் போடுவதுபோல, இது ஒரு வீட்டு வேலை.

பழைய வேலையுங்கூட. 1870-களில் காட்டெருமை வேட்டைக்குப் புல்வெளிக்குப் போனவர்கள் கூடாரத்து நெருப்பு வெளிச்சத்திலேயே மறுநாளைக்கு வேண்டிய தோட்டாக்களை நிரப்பிக்கொண்டார்கள். கடை நூறு மைலுக்கு அப்பால் இருக்கும்போது வேறு வழி என்ன? 1884-இல் ஜான் பார்லோ என்பவர் கனெக்டிகட்டில் ஐடியல் கம்பெனியை ஆரம்பித்து, பாக்குவெட்டி மாதிரியான ஒரு கைக்கருவியை விற்றார். கூடவே ஒரு கையேடும் போட்டார். 1925-இல் அந்தக் கம்பெனியை லைமன் என்ற கம்பெனி வாங்கியது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு, ராணுவத்தில் மிஞ்சிய மருந்தைக் கன்ஸாஸில் புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் மலிவாக வாங்கித் தபாலில் விற்க, இந்தப் பழக்கம் ஊரெங்கும் பரவிவிட்டது. சிக்கனம் ஒரு காரணம். தன் துப்பாக்கிக்கு ஏற்ற மாதிரி பக்குவம் பார்த்து நிரப்பினால் குறி இன்னும் சுத்தமாக விழும் என்பது மற்றொன்று.

தோட்டா என்பது நான்கே சாமான். பித்தளைக் கூடு, அதன் அடியில் கடுகளவு வெடிப்பொருள் கொண்ட கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு. வெடித்தபின் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், கேப்பு செத்துவிடும். கூடு மட்டும் மிஞ்சும். பழைய கேப்பைத் தள்ளி எடுத்து, வெடிப்பில் சற்றே உப்பிப்போன கூட்டை ஓர் எஃகு அச்சுக்குள் நுழைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுக் கேப்பு வைத்து, மருந்தை அளந்து போட்டு, குண்டைப் பொருத்தி அழுத்தினால் தீர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேஜையில் திருகி வைத்த ஒரே பொறி. அதன் கைப்பிடி நம் தெருக் குழாயடிக் கைப்பம்பு மாதிரி இருந்தது.

பத்து நிமிஷத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். "அதுதான் இதிலுள்ள ஆபத்து" என்றார் பெரியவர்.

மருந்தை நிறுப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் எடையின் பெயர் கிரெயின். ஒரு பவுண்டில் 7,000 கிரெயின். நம் தட்டானுடைய குன்றிமணி ஒன்றில் ஏறக்குறைய இரண்டு கிரெயின் அடங்கும். அவர் மேஜையிலும் தட்டார் தராசு போன்ற ஒரு சின்னத் தராசு இருந்தது. அதைத் தொடுவதற்கு முன்னால் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தார். காற்று பட்டால் தராசு பொய் சொல்லுமாம். அப்புறம் எடை தெரிந்த சிறு படிக்கல்லை வைத்துப் பார்த்தார். நேற்றுச் சரியாக இருந்த தராசு இன்றைக்கும் சரியாக இருக்கும் என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

எதிரே ஒரு மரப்பலகை. அதில் வரிசைக்குப் பத்தாக ஐம்பது குழிகள். பல்லாங்குழிப் பலகை ஒன்று பெரிய குடும்பத்துக்காகச் செய்த மாதிரி இருந்தது. குழிக்கு ஒரு கூடு நிறுத்தி, ஒவ்வொன்றிலும் மருந்து போட்டுக்கொண்டே போனார். ஐம்பதும் ஆனபிறகு குண்டை எடுக்கவில்லை. ஒரு சின்ன டார்ச் விளக்கை எடுத்து, பலகைமேல் குனிந்து, ஒவ்வொரு கூட்டின் வாய்க்குள்ளும் பார்த்துக்கொண்டு போனார். உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. குழந்தைகளின் தொண்டையைப் பார்க்கும் டாக்டர் ஞாபகம் வந்தது எனக்கு.

அவர் தேடியது இரட்டைப் போடுகையை. ஒரு கூட்டில் ஒருமுறை போடவேண்டிய மருந்து இரண்டுமுறை விழுந்துவிட்டதா என்று.

அந்தக் காலத்துக் கறுப்பு மருந்தில், அதாவது வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்ததில், இந்தப் பயம் அதிகமில்லை. கூடு நிறைய மருந்து. இரண்டாம் தடவை போட்டால் வழிந்து மேஜையில் கொட்டும். தவறு தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். 1884-இல் பிரான்சு தேசத்து ரசாயனி பால் வியேய் புகையில்லாத மருந்தைக் கண்டுபிடித்தார். சக்தி பெரிது, இடம் சிறிது. 1898-இல் வந்த '38 ஸ்பெஷல்' என்ற கைத்துப்பாக்கித் தோட்டாவின் கூடு கறுப்பு மருந்துக்கென்று நீளமாகச் செய்தது. இலக்குப் பழகுகிறவர்கள் அதில் இப்போது மூன்று கிரெயின் அளவில் வேக மருந்து போடுகிறார்கள். கூட்டின் அடியில் ஒரு சிட்டிகை கிடக்கிறது. மேலே முக்கால்வாசி வெற்றிடம். அதில் இரண்டு சிட்டிகை போட்டாலும் இடம் மீதி; மூன்று போட்டாலும் கூடு வாய் திறந்து ஒன்றும் சொல்லாது.

இரண்டு மடங்கு மருந்தென்றால் இரண்டு மடங்கு வேகம், அவ்வளவுதானே என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டேன். இல்லையாம். இந்த மருந்து எரியும் விதத்தை அந்த வியேயே ஆராய்ந்து வைத்திருக்கிறார். சுற்றிலும் நெருக்கம் கூடக்கூட அது இன்னும் வேகமாக எரிகிறது. வேகமாக எரிவதால் நெருக்கம் இன்னும் கூடுகிறது. வாயைப் பொத்தப் பொத்தக் கோபம் வளருகிற மனிதனைப்போல. நம் கார் டயரில் அடிக்கிற காற்று சதுர அங்குலத்துக்கு 30, 35 பவுண்டு. 38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழிலமைப்பு விதித்துள்ள உச்சவரம்பு 17,000 பவுண்டு. 1906-இல் வந்த '30-06' என்ற பெருந்துப்பாக்கித் தோட்டாவுக்கு 60,000. ஒழுங்கான வெடிப்பே இவ்வளவு. வரம்பு மீறினால் எஃகு கிழிகிறது. அதன் பின்னால் இருப்பது ஒரு கை. கைக்குச் சற்று மேலே ஒரு முகம்.

அவர் வீட்டிலிருந்து காரில் போனால் சீக்கிரமே கெட்டிஸ்பர்க் வந்துவிடும். 1863 ஜூலையில் உள்நாட்டு யுத்தத்தின் பெரிய சண்டை நடந்த இடம். சண்டை ஓய்ந்தபின் களத்தில் கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கி எண்ணினார்கள், 27,000-க்கு மேல். அவற்றில் சுமார் 24,000 கெட்டித்தபடியே கிடந்தன. அதிலும் ஏறக்குறையப் பாதியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தடவை மருந்தும் குண்டும் கெட்டித்திருந்தது. ஒரு துப்பாக்கியில் இருபத்துமூன்று தடவை. அந்தச் சிப்பாயைப்பற்றி நான் பலநாள் யோசித்தேன். வாய்வழியாக மருந்து போட்டு, குண்டு போட்டு, கம்பியால் இடித்து, தோளில் வைத்து, மறுபடி மருந்து போட்டு... சுட்டுவிட்டோம் என்றே நினைத்திருப்பான். சுற்றிலும் ஆயிரம் துப்பாக்கி முழங்கும்போது தன்னுடையது பேசிற்றா இல்லையா என்று எப்படித் தெரியும்? கை வேலையை மறக்கவில்லை. மனசுதான் அங்கே இல்லை.

களத்தின் கூச்சலில் நடந்தது கார் ஷெட்டின் நிசப்தத்திலும் நடக்கும். அங்கே பீரங்கி தேவையில்லை. ஒரு ரேடியோ, ஒரு டெலிபோன் மணி, 'சாப்பிட வருகிறீர்களா?' என்று உள்ளேயிருந்து ஒரு குரல், அது போதும்.

ஜிம் கார்பெட்டின் புலிக் கதைகளைப் படித்தவர்கள் நம்மிடையே ஏராளம். 1953-இல் வெளிவந்த அவருடைய 'ஜங்கிள் லோர்' புத்தகத்தில், சிறுவயதில் அவர் கைக்கு வந்த ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியைப்பற்றிச் சொல்லியிருக்கிறார். வாய்வழி கெட்டிக்கிற ரகம். வலதுகுழல் சில அங்குலத்துக்குப் பிளந்திருந்தது. கட்டையும் உடைந்து, பித்தளைக் கம்பி சுற்றி ஒட்டவைத்திருந்தது. காரணம், முன்பு யாரோ அளவுக்கு மேல் மருந்து போட்டுவிட்டதுதான். மிஞ்சிய இடதுகுழலைக்கொண்டு அந்தச் சிறுவன் காட்டுக்குள் போய் வந்தான். அந்தப் பக்கத்தை முன்பு ரசித்துப் படித்திருக்கிறேன். பெரியவரின் மேஜையைப் பார்த்தபிறகு, அந்தக் குழல் பிளந்தபோது துப்பாக்கியைப் பிடித்திருந்த கை எது, அது என்ன ஆயிற்று என்றே எண்ணம் ஓடுகிறது.

அதிகம் போடுவது ஆபத்து. போடாமல் விடுவதும் ஆபத்து. மருந்தே விழாத தோட்டாவைச் சுட்டால், கேப்பின் பலத்தில் மட்டும் குண்டு கிளம்பிப்போய்க் குழலின் நடுவில் சிக்கிக்கொள்ளும். 'டுமீல்' என்பதற்குப் பதில் 'பொத்' என்று ஒரு சத்தம். சுடுகிறவன் 'நமத்துப்போன தோட்டா' என்று அலட்சியமாக அடுத்ததைச் சுட்டால், அந்தக் குண்டு அடைப்பட்ட குழலில் போய் மோதுகிறது. குழல் உப்பும், அல்லது வெடிக்கும். ஆகவே சத்தம் மாறினால் அந்த இடத்திலேயே நிறுத்து, தோட்டாக்களை வெளியே எடு, குழல் காலியா என்று ஒரு கம்பி விட்டுப் பார் என்பது சட்டம். சாதுவான சத்தத்துக்குத்தான் அதிகம் பயப்படவேண்டும் என்றார் பெரியவர். குடும்பஸ்தர்களுக்கு இது புரியாத விஷயமல்ல.

மேஜைமேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருந்தது. மற்றவையெல்லாம் பின்னால் அலமாரியில். "எப்போதும் ஒன்றுதான்" என்றார். மருந்துகள் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. சாம்பல் நிறம், சிறு சில்லுகளும் குச்சிகளும். சுபாவம் மட்டும் வேறு. சில மெள்ள எரியும், சில சட்டென்று. பெயரிலுங்கூட ஏமாற்றம் உண்டு. 4831 என்ற ஒரே எண்ணில் இரண்டு மருந்துகள் விற்கின்றன. முன்னால் உள்ள எழுத்துத்தான் வேறு. ஒன்றுக்குச் சொன்ன அளவை மற்றதற்குப் போடக்கூடாது. வேலை முடிந்ததும் அளவுக் குழாயில் மிஞ்சிய மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே திருப்பிக் கொட்டினார். 'நாளைக்கும் இதுதானே' என்று விட்டுவைத்தால், நாளைக்கு அது எது என்பது ஞாபகத்தின் பொறுப்பாகிவிடுகிறது. பெயர்ச்சீட்டு இல்லாத மருந்து எவ்வளவு விலை உயர்ந்ததாயினும் துப்பாக்கிக்கு ஆகாது. அப்படிப்பட்டதைப் பலர் தோட்டத்துப் புல்மேல் பரவலாகத் தூவிவிடுகிறார்களாம்.

அலமாரி மரத்தாலானது. "இதையெல்லாம் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டவேண்டாமா?" என்று கேட்டேன். சிரித்தார். புகையில்லா மருந்து வெளியில் கிடந்து தீப்பிடித்தால் கொழுந்துவிட்டு எரியும், அவ்வளவுதான். இறுக மூடிய இரும்புக்குள் பிடித்தால் அந்தப் பெட்டியே வெடிகுண்டு. அதனால் சீக்கிரம் பிளந்து வழிவிடுகிற ஓர் அங்குல மரமே பத்திரம். கேப்புகளோ மருந்தைவிட மூர்க்கம், தட்டினால் போதும். அவை கடையிலிருந்து வந்த தட்டிலேயே, ஒன்றுக்கொன்று விலகி, இருக்கவேண்டும். அழகாக இருக்கிறதென்று கண்ணாடிச் சீசாவில் கொட்டிவைத்தால், ஒன்று வெடித்தால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். சீசாவும் சில்லாகப் பறக்கும்.

பிறகு கூடுகளைக் காட்டினார். வெடித்து வெடித்துப் பித்தளையும் களைத்துப்போகிறது. வாயில் விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பெருந்துப்பாக்கிக் கூடுகளில் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே உள்ளுக்குள்ளே சுவர் தேய்வது தெரியாது. காகிதத்தில் குத்துகிற சாதாரணக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சிறிது வளைத்து, கூட்டுக்குள் விட்டு மெதுவாக மேலே இழுத்தார். ஒரு கூட்டில் கம்பி தடுக்கிற்று. என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். நகத்தடி மாதிரி ஒரு பள்ளம். அடுத்த வெடிப்பில் கூடு அங்கே இரண்டாக அறுந்து, கொதிக்கும் வாயு பின்பக்கமாகச் சீறி வரலாம். காலணா பெறாத கிளிப்பு கண்டுபிடித்த சங்கதி. அந்தக் கூட்டை யாரும் மறுபடி எடுத்துவிடாதபடி குறட்டால் நசுக்கிக் குப்பையில் போட்டார்.

எந்தக் குண்டுக்கு எந்த மருந்து எவ்வளவு என்பதற்குக் கெட்டி அட்டைப் புத்தகங்கள் உண்டு. லைமன் கையேட்டின் ஐம்பதாம் பதிப்பு 2016-இல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆரம்ப அளவு, உச்ச அளவு என்று இரண்டு கொடுத்திருக்கிறார்கள். ஆரம்பத்திலிருந்து படிப்படியாக ஏறவேண்டும். கேப்பு தட்டையாவது, கூடு சிக்கிக்கொள்வது முதலான அறிகுறிகளைப் பார்த்து நிற்கவேண்டும். அவசரக்காரன் உச்சத்திலேயே ஆரம்பிக்கிறான். வேறொரு குண்டு, வேறொரு கேப்பு என்று ஒரு சாமானை மாற்றினாலுங்கூடக் கீழேயிருந்து மறுபடி ஏறவேண்டும். குண்டைச் சற்று ஆழமாக அழுத்திவிட்டாலும் உள்ளே இடம் குறைந்து நெருக்கம் கூடும். கூர்நுனிக் குண்டுகளைக் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கவைக்கும் துப்பாக்கியில் போடவே கூடாது. பின்னதன் மூக்கு முன்னதன் கேப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

நான் பிஸ்கோத்து ஒன்றை வாயில் போடப்போனேன். கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். ஈயம். குண்டிலும் உண்டு, வெடித்த கேப்பின் கரியிலும் உண்டு. கூடுகளைச் சுத்தம் செய்யும்போது தூசியாகக் கிளம்பும். அது வெடிக்காது, ஒரேயடியாகவும் கொல்லாது. விரல்வழியாக வாய்க்குள் போய் வருஷக்கணக்கில் உடம்பில் சேரும். வீட்டில் குழந்தை இருந்தால் அதற்கு இன்னும் கெடுதல். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் பிஸ்கோத்து.

இதையெல்லாம் விட ஒருநாள் கண்ட காட்சியே என் மனசில் தங்கிவிட்டது. நான் போனபோது பெரியவர் வேறொரு வேலையில் இருந்தார். உள்ளே பொள்ளலான ஒரு சுத்தியல். அதன் தலைக்குள் தோட்டாவைத் தலைகீழாக மாட்டி, மரக்கட்டைமேல் ஓங்கி அடித்தால் குண்டு கழன்று விழுகிறது, மருந்தும் கொட்டுகிறது. ஒன்றொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். முந்தின இரவு நிரப்பிய ஐம்பது தோட்டா.

"கெட்டுப்போய்விட்டதா?" என்றேன்.

"கெட்டிருக்காது. நடுவில் மகள் டெலிபோன் செய்தாள். பேசிவிட்டு வந்து மிச்சத்தை முடித்தேன். காலையில் எழுந்ததும் ஒரு சந்தேகம். டெலிபோனுக்குப் பிறகு டார்ச் போட்டுப் பார்த்தேனா, பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா?"

"முடிந்த தோட்டாக்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தால் போதாதா? அதிகம் போட்டிருந்தால் கனம் காட்டிவிடுமே."

"காட்டாது. பித்தளைக் கூடுகள் ஒன்றுக்கொன்று சில கிரெயின் வித்தியாசப்படும். மருந்தே மூன்று கிரெயின். அந்த வித்தியாசத்துக்குள் இது ஒளிந்துகொண்டுவிடும்."

அடித்துக்கொண்டே போனார். ஒவ்வொன்றிலிருந்தும் கொட்டிய மருந்தைத் தராசில் வைத்தார். நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஐம்பதும் சரியாகவே இருந்தன. ஒன்றில்கூட அதிகமில்லை, குறைவுமில்லை. ஒரு முழு மாலை வேலை வீண் என்று எனக்குத் தோன்றிற்று. அதைச் சொல்லியும் விட்டேன்.

"எது வீண்?" என்றார் அவர். "நேற்று ராத்திரி எனக்குத் தெரியாத ஒன்று இன்றைக்குத் தெரிந்திருக்கிறது."

இந்த வேலையின் தனிக் கொடுமை என்னவென்றால், தவறும் தண்டனையும் அடுத்தடுத்து வருவதில்லை. சமையலில் கை சுட்டுக்கொண்டால் உடனே தெரிகிறது. இங்கே இன்றிரவு மேஜையில் நடந்த பிசகு டப்பாவுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஒரு மாதமோ, ஒரு வருஷமோ தூங்கும். ஐம்பதில் அது எது என்று அதற்கே தெரியாது. என்றோ ஒருநாள் நல்ல வெயிலில், நண்பர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது விழித்துக்கொள்கிறது. அதற்குள் அந்த இரவையே நாம் மறந்திருப்போம். ஆகவே இதைத் திருத்துவதற்கு ஒரே இடம் அந்த மேஜை. ஒரே நேரம் அந்த இரவு. புதிதாகக் கற்றவன் பயத்தினால் பார்க்கிறான். பத்து வருஷம் பழகியவனுக்குப் பயம் போய்விடுகிறது. பயம் இருந்த இடத்தில் ஓர் ஒழுங்கை உட்காரவைக்காவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கும். இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லை என்பது தோட்டாவுக்குத் தெரியாது.

பிரித்தவற்றை அவர் மறுபடி நிரப்பினார். டப்பாவின்மேல் ஒரு சீட்டு ஒட்டி, தேதி, குண்டின் எடை, மருந்தின் பெயர், அளவு, எத்தனையாவது தடவையாக நிரப்பிய கூடு எல்லாம் எழுதி, கீழே தம் கையெழுத்தையும் போட்டார். டெலிபோனை இனிமேல் வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு வருவதாக மகளிடம் சொல்லிவிட்டாராம்.

அந்த வாரக் கடைசியில் அவர் இலக்குப் பழகும் மைதானத்துக்கு நாங்களும் போனோம். நான் வேடிக்கை பார்க்க. மாப்பிள்ளைக்குச் சுட்டுப் பார்க்க ஆசை. வழியில் பெரியவர் காரை நிறுத்தி, ஒரு கடைக்குள் போய், கம்பெனியில் செய்த தோட்டா டப்பா ஒன்றை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தார். பின் சீட்டில் அவர் நிரப்பிய ஐம்பதும் இருந்தன. சரியாக இருக்கின்றன என்பதற்கு நானே சாட்சி. "இதையே கொடுத்திருக்கலாமே, எதற்கு வீண் செலவு?" என்றார் மாப்பிள்ளை.

அவர் கொடுக்கவில்லை. ஒருவர் நிரப்பிய தோட்டாவை இன்னொருவர் சுடக்கூடாது. கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. அவர்கள் நடுவே அது ஒரு மரியாதை. நம் ஊரில் வீட்டில் செய்ததை வேண்டாம் என்று சொன்னால் மனஸ்தாபம் வரும். அங்கே, "உங்கள் தோட்டா வேண்டாம்" என்று சொல்லுகிறவரை யாரும் தவறாக நினைப்பதில்லை. கொடுக்க மறுப்பவரையும் கஞ்சன் என்று சொல்வதில்லை. அவருடைய பேரனுக்குப் பதினாறு வயசு. அவன்கூடக் கடைத் தோட்டாவைத்தான் சுடுகிறான். தானே நிரப்பக் கற்றுக்கொண்ட பிறகு தன்னுடையதைச் சுடட்டும் என்கிறார்.

"நான் தப்புச் செய்தால் என் கையோடு போகட்டும்" என்று சொல்லிக்கொண்டே அவர் காரைக் கிளப்பினார். "உங்கள் கையைப் பணயம் வைக்க எனக்கு என்ன பாத்தியதை?"

மாப்பிள்ளை அதற்குமேல் பேசவில்லை. மடியிலிருந்த கடை டப்பாவைத் திறந்து, அதன் சீட்டை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.